ஒன்றரை விரல் இடைவெளி

குறிப்பு எண் 1
2024 ஜூன் 3, திங்கட்கிழமை (குரோதி ஆண்டு, வைகாசி 21), காலை 6.10 மணி

இந்நோட்டு இன்று தொடங்கப்படுகிறது. எழுதுபவன் ஆ. பிரம்மநாயகம், வயது எழுபத்தெட்டு, ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர், பாளையங்கோட்டை. கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும் இல்லையென்றால் கைப்பற்றுவதும் முப்பத்தைந்து ஆண்டுகள் என் பணி.

என் மனைவி ஆவுடையம்மாளுக்கு (வயது எழுபத்திரண்டு) சென்ற பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை 7.40க்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் செயலிழந்தன. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் விளங்குகிறது. விடை சொல்ல வாய் வருவதில்லை. கால் சற்றுத் தேறி, பிடித்துக்கொண்டால் நிற்கிறாள். வலது தோளில் மட்டும் வலி.

இன்று முதல் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் காலை பத்து மணிக்கு இயன்முறை மருத்துவ மையத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து சிகிச்சை தருவார். மருந்தில்லை, ஊசியில்லை, கையால் பிடித்துச் செய்வது என்று மையத்தின் மேலாளர் தொலைபேசியில் சொன்னார். கையால் செய்வதன் பலனை எதைக்கொண்டு அளப்பீர்கள் என்று கேட்டேன். போகப்போகத் தெரியும் என்றார். ஆகவே இந்த நோட்டு.

குறிப்பு எண் 2
2024 ஜூன் 3, திங்கட்கிழமை, முற்பகல் 11.35 மணி

வந்தவர் பெயர் எப்சிபா. வயது இருபத்தாறு இருக்கலாம். 10.07க்கு வந்தார். ஏழு நிமிடத் தாமதத்துக்குப் பேருந்தைக் காரணம் சொன்னார். நான் என்ன பணி செய்து ஓய்வுபெற்றவன் என்பதைச் சொல்லிவைத்தேன்.

ஆவுடையம்மாளைக் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, வலது கையைத் தொங்கவிட்டு, தோள் எலும்புக்குக் கீழே தம் சுட்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"தோள் மூட்டு ஒரு விரல் எறங்கியிருக்கு" என்றார்.

"விரலா? யாரோட விரல்?" என்றேன்.

"என் விரல்தான் ஐயா."

"ஒங்க விரல் எத்தனை மில்லிமீட்டர்?"

"அளந்து பாத்ததில்லையே" என்றவர், விரலை என் முன் நீட்டினார். "முத்திரை இருக்கான்னு பாக்கீயளா?"

ஆவுடையம்மாள் சிரித்தாள். வாயின் இடது பாதியால் மட்டும். பிப்ரவரி 13க்குப் பின் இது முதல் முறை. ஆகவே அந்தக் கேலியை நான் பொருட்படுத்தவில்லை.

என்னிடம் உள்ள வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து அதே இடைவெளியை அளந்தேன். 15 மி.மீ. இனி ஒவ்வொரு சனிக்கிழமை மாலை 6.00க்கும், திங்கட்கிழமை சிகிச்சை முடிந்ததும் அளக்கப்படும். விரலால் அளப்பது எனக்குச் சம்மதமில்லை. என் கையில் அளவு தவறியது 1987இல் ஒரு முறைதான். அதை இங்கு எழுத வேண்டியதில்லை.

எப்சிபா சொன்னது இது: தோள் எலும்பின் உருண்டையைக் குழியில் பிடித்துவைத்திருப்பது சதை. அந்தச் சதை இப்போது தூங்குகிறது. கை தன் பாரத்தாலேயே கீழே தொங்குகிறது. பிடித்து இழுத்தால் இன்னும் இறங்கும். சதை விழிக்கும்வரை உருண்டையை இருந்த இடத்தில் தாங்கிவைப்பதுதான் வேலை.

ஒரு உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்புக்கு அடியிலும் மறு உள்ளங்கையை முழங்கைக்கு அடியிலும் கொடுத்து, ஒரு நெல்லின் அளவுக்கு மேலே, ஒரு நெல்லின் அளவுக்கு உள்ளே என்று நகர்த்தினார். பிறகு கழுத்தின் பக்கச் சதையைக் கட்டைவிரலால் நீவினார். இருபது நிமிடமும் எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. ஆனால் ஆவுடையம்மாளின் புருவ நெரிப்பு அவிழ்ந்து, உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தாள். இதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

குறிப்பு எண் 3
2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை, பகல் 12.00 மணி

எப்சிபா இன்று அகலமான ஒரு துணிவார் கொண்டுவந்தார். இதை நோயாளியின் இடுப்பில் கட்டி, வாரைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டுமாம். நம் முழங்காலை அவர்கள் முழங்காலுக்கு அண்டைகொடுத்து, முன்னால் குனியவைத்து, பாரம் காலுக்கு வந்தபின் மெல்ல எழுப்ப வேண்டும்.

"அக்குள்ள கையக் குடுத்துத் தூக்கவே கூடாது. கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது. இது ரெண்டும் சுவத்துல எழுதி ஒட்டணும்" என்றார்.

முப்பிடாதி இரண்டு முறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாளைக் கவனித்துக்கொள்பவள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

"ஐயாவும் ஒருக்கா செஞ்சு பாருங்களேன்" என்றார் எப்சிபா.

வேண்டாம் என்றேன். என்னைக் கைப்பிடித்து வந்தவளின் இடுப்பில் மாட்டுக்குக் கட்டுவதுபோல் வார் கட்டித் தூக்க எனக்கு மனமில்லை. மேலும், இருபது கிலோ படிக்கற்களை முப்பத்தைந்து ஆண்டுகள் தூக்கி இறக்கிய கைகள் இவை.

குறிப்பு எண் 4
2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை 7.00 மணி

புனேயில் இருக்கும் மகன், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓர் ஆளை ஏற்பாடு செய்வதாகத் தொலைபேசியில் மறுபடியும் சொன்னான். மறுத்துவிட்டேன். ஆறு நாட்கள் அவளைப் பிறர் தொடுகிறார்கள். ஒரு நாள் நான் பார்த்துக்கொள்வேன்.

இன்று தூக்கியது ஆறு முறை: காலைக்கடன், குளியல், காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, மாலை நாற்காலி, மீண்டும் கட்டில். கட்டிலின் இடப்பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் வலப்பக்கம் நின்று, வலக்கையைப் பற்றி நிமிர்த்தி, அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் எழுப்புகிறேன். எந்த முறையும் நாற்பது விநாடியைத் தாண்டவில்லை. முப்பிடாதிக்கு வாரும் கட்டி முழங்காலும் வைத்து இரண்டு நிமிடம் ஆகிறது.

மதியம் ஆவுடையம்மாளின் கண்களில் நீர் வந்தது. சாம்பாரில் காரம் சற்றுக் கூடிவிட்டது.

குறிப்பு எண் 5
2024 ஜூன் 10, திங்கட்கிழமை, முற்பகல் 11.20 மணி

காலை ஆறு மணிக்கே முனகிக்கொண்டிருந்தாள். எப்சிபா 10.02க்கு வந்து தோளைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன இப்படி இறுகிக் கெடக்கு? வெள்ளிக்கிழம நல்லா நெகிழ்ந்து குடுத்துச்சே. நேத்து யாரு தூக்குனா?"

"எல்லாம் முறைப்படிதான் நடந்தது" என்றேன்.

அவர் ஆவுடையம்மாள் பக்கம் குனிந்து, "அம்மா, யாராச்சும் கையப் பிடிச்சு இழுத்தாங்களா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையை அசைத்தாள்.

சனிக்கிழமை 15 மி.மீ. இன்று சிகிச்சைக்குப் பின் 18 மி.மீ. இடையில் நடந்தது சிகிச்சை ஒன்றுதான். அடிக்கோடிடுகிறேன்.

குறிப்பு எண் 6
2024 ஜூன் 12, புதன்கிழமை, முற்பகல் 11.15 மணி

இடது கைக்கு ஏதாவது ஒரு பொறுப்பு தரவேண்டும் என்று எப்சிபா சொன்னார். கூடத்திலிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றி, கட்டிலை ஒட்டிய சுவரில், அவள் இடக்கைக்கு எட்டும் உயரத்தில் முப்பிடாதி ஆணியடித்து மாட்டினாள். இனி தினமும் காலை ஆறு மணிக்கு முந்தைய நாளின் தாளைக் கிழிப்பது ஆவுடையம்மாளின் வேலை. கிழித்து என்னிடம் தரவேண்டும்.

இவ்வீட்டில் ஐம்பது ஆண்டுகளாகத் தாள் கிழித்தவன் நான். பரவாயில்லை.

குறிப்பு எண் 7
2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.05 மணி

நாள்காட்டி 17, திங்கட்கிழமை என்று காட்டுகிறது. இன்று 16. சனிக்கிழமைத் தாளை ஆவுடையம்மாள் என்னிடம் ஒழுங்காகத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் காணவில்லை. நேற்று மாலை கிளம்பும் அவசரத்தில் முப்பிடாதி சேர்த்துக் கிழித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் முழுவதும் சுவரில் தவறான தேதியோடு இருக்க வேண்டியிருக்கிறது. கூடத்துக்கும் அறைக்குமாக நான் நடக்கும் நாற்பது முறையும் அது கண்ணில் படும்.

குறிப்பு எண் 8
2024 ஜூன் 17, திங்கட்கிழமை, பகல் 12.10 மணி

எப்சிபா தோளருகில் கையைக் கொண்டுபோனதும் ஆவுடையம்மாள் வாய்விட்டு அழுதாள். சிகிச்சையை நிறுத்தச் சொன்னேன்.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே இந்தப் பாடுன்னா, போன வாரம் நீங்க செஞ்சதுதான் காரணமா இருக்கணும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு துண்டை உருட்டி முழங்கைக்கு அடியில் அண்டைகொடுத்து, பாரம் தோளுக்குப் போகாமல் வைத்தார். பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. "ஞாயித்துக்கிழமையும் வார் கட்டுதீயளா ஐயா?" என்று போகும்போது கேட்டார். அவருக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

20 மி.மீ.

குறிப்பு எண் 9
2024 ஜூன் 22, சனிக்கிழமை, மாலை 6.00 மணி

17 மி.மீ. வாரக்கடைசியில் குறைகிறது, திங்கட்கிழமை கூடுகிறது. புதனும் வெள்ளியும் அவர் கவனமாக இருக்கிறார், திங்கட்கிழமை அவசரப்படுகிறார் என்பதே இதன் பொருள்.

ஆவுடையம்மாள் மாலையிலிருந்து அமைதியாக இல்லை. முப்பிடாதி செருப்பை மாட்டும்போது அவள் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"திங்கக்கெழம வந்திருவேன் ஆச்சி. ஒரு ராத்திரி, ஒரு பகலு, இன்னொரு ராத்திரி. அம்புட்டுதான்" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுப் போனாள்.

குறிப்பு எண் 10
2024 ஜூன் 24, திங்கட்கிழமை, பிற்பகல் 3.30 மணி

நேற்றும் நாள்காட்டி ஒரு நாள் முன்னே போயிருந்தது. முப்பிடாதி காலையில் படியேறும்போதே கேட்டுவிட்டேன்.

"நான் கிழிக்கல ஐயா."

"பின்ன தானாவா கிழியும்?"

"ஞாயித்துக்கெழமையக் கிழிச்சுப்போட எனக்கென்ன கிறுக்கா? எனக்கு இருக்க லீவு நாளே அது ஒண்ணுதான்."

பேச்சில் அவளை வெல்ல முடியாது.

சிகிச்சைக்குப் பின் 21 மி.மீ. எப்சிபா தம் விரலை வைத்துப் பார்த்து, "ஒண்ணரை" என்று முணுமுணுத்தார். முதல் நாள் ஒன்று, இன்று ஒன்றரை. அவர் அளவிலேயே அவர் மாட்டிக்கொண்டார்.

சிகிச்சையாளரின் கைப்பழக்கக் குறைவால் என் மனைவியின் தோள் மேலும் கெட்டிருக்கிறது என்று மைய மேலாளருக்கு முறைப்படி புகார் எழுதி, அளவு விவரத்தை இணைத்து, 2.45க்கு அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஒப்புகைச் சீட்டு இந்நோட்டில் ஒட்டப்பட்டுள்ளது.

குறிப்பு எண் 11
2024 ஜூன் 26, புதன்கிழமை, முற்பகல் 10.40 மணி

காலை 9.15க்கு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். இதற்கு முன் இப்படி ஒரு புகார் வந்ததே இல்லையாம். எப்சிபாவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஜூலை 15, திங்கட்கிழமை, காலை 11.00 மணிக்கு விசாரணை. நான் நேரில் வந்து சொல்ல வேண்டும். அதுவரை வேறு ஆளை அனுப்ப இயலாது. முறையாகவே செய்கிறார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு எப்சிபாவே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி முப்பிடாதியிடம் ஒரு சிறு தலையணையைக் கொடுத்து, முழங்கைக்கு அடியில் எப்படி வைப்பது என்று தம் கையிலேயே வைத்துக் காட்டினார்.

பிறகு என்னைப் பார்த்து, "அம்மா கையப் பிடிச்சு மட்டும் தூக்கிராதீங்க ஐயா. வேற ஒண்ணும் நான் சொல்ல வரல" என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நான் கதவைச் சாத்தவில்லை. எதற்காக நின்றேன் என்று தெரியவில்லை.

குறிப்பு எண் 12
2024 ஜூலை 1, திங்கட்கிழமை, காலை 7.30 மணி

இப்போது சிகிச்சை இல்லாததால் காலையிலேயே அளந்தேன். 21 மி.மீ. சனிக்கிழமை மாலை 17 இருந்தது.

முன்பு செய்த சிகிச்சையின் எச்சமாக இருக்கக்கூடும்.

நேற்றும் தாள் இல்லை. இம்முறை சனிக்கிழமை மாலை முப்பிடாதி கிளம்பியபின் நானே நாள்காட்டியைப் பார்த்தேன்; 29 இருந்தது, அதன் அடியில் 30 இருந்தது. இரண்டையும் கையால் தூக்கிப் பார்த்தேன். காலையில் 30 இல்லை. வீட்டுக் கதவு உட்புறம் தாழிட்டிருந்தது.

குறிப்பு எண் 13
2024 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை 8.10 மணி

22 மி.மீ. சனிக்கிழமை மாலை 17.

உட்கார முடியவில்லை. அளவுகோலில் பிழை இருக்குமோ என்று பூஜ்யம் பார்த்தேன். பிழை இல்லை. என் பேனா முனையை அளந்தேன், கதவுத் தாழ்ப்பாளை அளந்தேன், எல்லாம் சரியாகக் காட்டுகிறது.

ஜூன் 26க்குப் பின் எப்சிபா இவ்வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. முப்பிடாதி தொடும் ஆறு நாட்களிலும் இடைவெளி குறைகிறது. கூடுவது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கும் இடையில். முப்பத்தாறு மணி நேரம். முன்பு திங்கட்கிழமைகளில் சிகிச்சைக்குப் பின் மட்டுமே அளந்தேன்; சிகிச்சைக்கு முன் அளந்ததே இல்லை.

அந்த முப்பத்தாறு மணி நேரத்தில் இவ்வீட்டில் இருந்தவர்கள்:
1. ஆவுடையம்மாள்
2.

குறிப்பு எண் 14
2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.25 மணி

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைகளில் முப்பிடாதி தலையணை உறை மாற்றுவாள்.

"ஐயா, இங்க பாருங்க. ஆச்சி உறைக்குள்ள என்னத்தையோ சேத்து வச்சிருக்காவ" என்று கூப்பிட்டாள்.

நான்கு தாள்கள். ஒவ்வொன்றும் ஒற்றைக் கையால் மடிக்கப்பட்டுக் கோணலாக இருந்தது. முப்பிடாதி பிரித்துக் கட்டிலின்மேல் வைத்தாள். சிவப்பு மையில் 16. சிவப்பு மையில் 23. 30. 7.

"எல்லாம் ஞாயித்துக்கெழமைலா" என்றாள். சொன்னபின் அவளுக்கும் விளங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆவுடையம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன்.

குறிப்பு எண் 15
2024 ஜூலை 10, புதன்கிழமை, காலை 6.30 மணி

எழுத ஒன்றுமில்லை.

குறிப்பு எண் 16
2024 ஜூலை 11, வியாழக்கிழமை, மாலை 5.15 மணி

மேலாளருக்குக் கடிதம் ஒன்று வரைந்தேன்: "சொந்தக் காரணங்களால் என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்." ஒரே வரி. முறைப்படி இது போதுமானது.

முப்பிடாதி காய் நறுக்கிக்கொண்டே, என்னிடம் சொல்லாததுபோலச் சொன்னாள்: "அந்தப் பிசியோ அக்காவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். இந்த மாசத்தோட ஆறு மாசம் முடியுதாம். நல்ல பேரு இருந்தாத்தான் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்களாம். புகாரத் திரும்ப வாங்கினாலும், என்னமோ நடந்திருக்கு, பெரியவரு பாவம் பாத்து விட்டுட்டாருன்னுதானே நெனப்பாங்கன்னு சொல்லுது. ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லல ஐயா. ஆச்சி கைக்குத் தலகாணி வைக்கியான்னுதான் கேட்டுது."

"நறுக்குறதைப் பாத்து நறுக்கு" என்றேன்.

1987ஆம் ஆண்டைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்று குறிப்பு எண் 2இல் எழுதியிருக்கிறேன். அது தவறு. 1987 செப்டம்பர் 8, செவ்வாய்க்கிழமை, மைதீன் பிச்சை என்ற பலசரக்குக் கடைக்காரரின் ஒரு கிலோ படிக்கல் என் சோதனைக்கல்லோடு வைத்தபோது எடை குறைந்தது. கல்லையும் தராசையும் கைப்பற்றினேன். தெருவே கூடி நின்று பார்த்தது. "என் வாப்பா காலத்துக் கல்லு சார், அது பொய் சொல்லாது" என்றார். மூன்று மாதம் கழித்து, வழக்கமான சரிபார்ப்பில் என் சோதனைக்கல்தான் இரண்டு கிராம் கூடுதல் என்று தெரிந்தது. கல்லை மாற்றிக்கொண்டேன். சோதனைக்கல் மாற்றப்பட்டது என்று பதிவேட்டில் ஒரே வரி எழுதினேன். முறைப்படி அது போதுமானதாக இருந்தது. அதற்குள் அவர் கடையைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

குறிப்பு எண் 17
2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, காலை 9.00 மணி

நேற்று வரைந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

முப்பிடாதி கடைக்குப் போயிருந்தபோது கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் தூக்கும்போது வலிச்சுதா?" என்று கேட்டேன்.

ஆம் என்று தலையசைத்தாள்.

"ஏன் ஆவுடை சொல்லல?"

பேச்சற்றவளிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்தாள். சொல்லியிருக்கிறாள். நான்கு முறை, தேதியோடு.

குறிப்பு எண் 18
2024 ஜூலை 13, சனிக்கிழமை, மாலை 5.40 மணி

வார் கட்டித் தூக்கக் கற்றுத்தரும்படி முப்பிடாதியைக் கேட்டுக்கொண்டேன். காலை பதினொரு மணி முதல் ஐந்து முறை செய்தேன்.

முதல் முறை வாரைத் தலைகீழாகக் கட்டினேன். இரண்டாம் முறை என் கை பழக்கத்தில் அக்குளுக்குப் போயிற்று. முப்பிடாதி என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் எந்தக் கடைக்காரரும் என் கையைத் தட்டியதில்லை.

"முட்டியோட முட்டிய வைங்க ஐயா. இன்னும் கிட்டக்க. வெக்கப்படாதீய, ஒங்க பொண்டாட்டிதானே."

ஆவுடையம்மாளின் தோள் குலுங்கியது. வலி என்று பதறி விட்டுவிட்டேன். வலியில்லை, சிரிப்பு. விட்டதில் நான்தான் கட்டிலின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லவேளை, ஆச்சி நின்னுட்டாவ. நீங்கதான் விழுந்தீய" என்றாள் முப்பிடாதி.

ஐந்தாம் முறை சரியாக வந்தது. முன்னால் குனியவைத்து, பாரம் அவள் காலுக்கு வரும்வரை காத்திருந்தேன். தூக்கவே தேவைப்படவில்லை, அவளே எழுந்தாள். நான் வாரைப் பிடித்திருந்தது மட்டும்தான். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

நாளை வேண்டுமானால் தானே வருவதாக முப்பிடாதி சொன்னாள். வேண்டாம், அவள் விடுமுறை அவளுக்கு என்றேன். அவள் ஆவுடையம்மாளைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் அவள் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தியை விட்டுவிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு அளக்க வேண்டும். காலையில் நாள்காட்டி எந்தத் தேதியைக் காட்டும் என்ற நினைவிலேயே நிற்கிறேன். அளவுகோலை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

குறிப்பு எண் 19
2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை (குரோதி ஆண்டு, ஆனி 30), மாலை 7.20 மணி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 24.6.2024 தேதியிட்ட என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் சொல்லாமல் திரும்பப் பெறுவது போதாது என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

என் மனைவியின் தோள் இடைவெளி கூடியது உங்கள் சிகிச்சையாளர் எப்சிபா அவர்களின் கையால் அல்ல, என் கையால். செய்யக்கூடாது என்று அவர் ஜூன் 7ஆம் நாள் என் முன்னிலையில் சொன்ன இரண்டையும், ஜூன் 9 முதல் ஜூலை 7 வரை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில், நாளொன்றுக்கு ஆறு முறை வீதம் நான் செய்தேன். யார் தூக்கியது என்று அவர் கேட்டபோது, முறைப்படி நடந்தது என்று பொய்யான விடை சொன்னேன். புகாரோடு நான் அனுப்பிய அளவுகள் சரியானவை; அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவு தவறானது. அவர் செய்ததன் பலன், அவர் வராத நாட்களிலும், அவர் கற்றுக்கொடுத்தவளின் கையிலும் அவர் விட்டுச்சென்ற தலையணையிலும் இருந்தது. அதையும் என் அளவுகளே காட்டுகின்றன.

நாளை காலை 11.00 மணி விசாரணைக்கு நான் நேரில் வருவேன். மேற்கண்டதை எப்சிபா அவர்களின் முன்னிலையில், உங்கள் மையத்தில் பணிபுரியும் அனைவரும் கேட்க, வாய்மொழியாகவும் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் புகாரால் அவர் பலர் அறியப் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். திருத்தம் ஒரு வரியில் பதிவேட்டுக்குள் அடங்கிவிடக் கூடாது.

அவர் மீண்டும் எங்கள் வீட்டுக்கு வர இசைந்தால், இனி அவர் சொல்லும் விரல்கணக்கு ஏற்றுக்கொள்ளப்படும். அவர் வர மறுத்தால் அதுவும் நியாயமே. என் மனைவிக்காக வேறொருவரை அனுப்பும்படி வேண்டுகிறேன்.

இன்று ஆறு முறை எழுப்பினேன். வார் கட்டி.

இப்படிக்கு,
ஆ. பிரம்மநாயகம்

இணைப்புகள்:
1. இந்நோட்டு, குறிப்பு எண் 1 முதல் 19 வரை. எதுவும் அடிக்கப்படவில்லை.
2. அளவு அட்டவணை, ஒரு தாள். ஜூலை 13 மாலை அளவு எடுக்கப்படவில்லை.
3. 24.6.2024 தேதியிட்ட பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டு (நோட்டில் ஒட்டப்பட்டது).
4. வெர்னியர் அளவுகோல், ஒன்று. எப்சிபா அவர்களுக்கு, அவர் விரலின் அகலம் தெரியவேண்டுமென்று தோன்றினால்.
5. தினசரி நாள்காட்டித் தாள்கள், நான்கு: ஜூன் 16, ஜூன் 23, ஜூன் 30, ஜூலை 7. என் மனைவியின் சாட்சியம். ஜூலை 14ஆம் தேதித் தாள் இணைக்கப்படவில்லை. இன்று காலை 6.05க்கு அது சுவரில் இருந்தது. இக்கடிதம் எழுதும் இந்நேரமும் இருக்கிறது.